முதியோர் இல்லத்தில் சர்க்கரை அளக்கும் வழக்கம்

நீரிழிவு என்னும் வியாதியை மனிதகுலம் முதன்முதலில் அறிந்துகொண்டது சிறுநீரின் வாயிலாகவே. எறும்பும் ஈயும் மொய்க்கும் சிறுநீரைக் கண்டு அந்நோயை மதுமேகம் என்று வகுத்துரைத்த சுசுருதர் முதலான நம் பண்டை வைத்திய ஆசிரியர்களும், அவர்களுக்குப் பல நூற்றாண்டுகள் கழித்து 1674ஆம் ஆண்டில், நோயாளியின் சிறுநீர் தேனும் சர்க்கரையும் கலந்தாற்போல் இனிக்கிறது என்று எழுதிவைத்த இங்கிலாந்து தேசத்துத் தாமஸ் வில்லிஸும், கண்ணையும் நாவையும் தவிர வேறு கருவி கைவசம் இல்லாதவர்கள். 1776இல் லிவர்பூல் நகரத்து டாக்டர் மத்தேயு டாப்சன், இத்தகைய நோயாளி ஒருவரின் சிறுநீரைக் காய்ச்சி வற்றவைத்து, அடியில் தங்கிய வெண்ணிறப் பொருள் சர்க்கரையே என்று காட்டினார். நோயாளியின் இரத்தத்திலிருந்து பிரிந்த தெளிநீரும் இனித்தது என்று அவர் சேர்த்து எழுதிய வாக்கியமே, சர்க்கரை இரத்தத்தில் ஏறி நிற்கிறது என்னும் உண்மைக்கு முதற் சான்றாயிற்று.

அந்த நெடுங்கதை முழுவதையும் சொல்வது என் உத்தேசம் அன்று. நாட்பட்ட நோயாலும் தளர்ச்சியாலும் தம் வீட்டில் தனித்து வாழ இயலாத முதியவர்களைத் தங்கவைத்துப் பேணும் அமெரிக்கப் பராமரிப்பு இல்லங்களுக்குள் சர்க்கரை அளக்கும் வழக்கம் எவ்வாறு புகுந்தது, புகுந்தபின் எவ்வாறு வேரூன்றியது, அதனால் அம்முதியவர்களுக்கு நேர்ந்த நன்மை தீமைகள் யாவை என்பதை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். கருவிகளின் சரித்திரத்தை எழுதினோர் பலர். அக்கருவி யாருடைய விரலைக் குத்திற்றோ அவருடைய சரித்திரமும் அதே அளவு சிரத்தையோடு எழுதப்பட வேண்டும் என்பது என் துணிபு.

அந்த இல்லங்களே மிகப் பழமையானவை அல்ல. ஆதரவற்ற முதியோருக்கு அமெரிக்காவில் முன்னாளில் இருந்த புகலிடம் உள்ளூர் நிர்வாகங்கள் நடத்திய ஏழைகள் விடுதியே ஆகும். 1935இல் நிறைவேறிய சமூகப் பாதுகாப்புச் சட்டம் முதியோருக்கு உதவித்தொகை வழங்க ஏற்பாடு செய்தபோது, அத்தகைய பொது விடுதிகளில் தங்கியிருப்போருக்கு அத்தொகை கிடையாது என்று விதித்தமையால், கையில் சிறிது பணம் பெற்ற முதியோர் தனியார் நடத்திய இல்லங்களை நாடலாயினர். 1965இல் மெடிக்கேர், மெடிக்கெய்டு என்னும் அரசாங்கத் திட்டங்கள் தோன்றியபின் இல்லங்கள் பெருகின. பெருகியவை ஆஸ்பத்திரியைப் போலவே கட்டப்பட்டு, ஆஸ்பத்திரியின் வார்டுகளையும் மருந்து வண்டியையும் குறிப்பேட்டையும் நேர நியமங்களையும் தமக்கு உரியனவாக வரித்துக்கொண்டன. சில நாள் தங்கி வீடு திரும்பும் நோயாளிக்கென்று ஏற்பட்ட நியமம், வீடு திரும்பும் நாள் என்பதே இல்லாதவர்களுக்கும் விதியாயிற்று. சர்க்கரை அளக்கும் வழக்கமும் அந்த வழியாகத்தான் உள்ளே வந்தது.

ஆஸ்பத்திரியில் அக்காலத்தில் நடந்தது பெனடிக்ட் பரீட்சை. ஸ்டான்லி ராசிட்டர் பெனடிக்ட் என்னும் அமெரிக்க இரசாயன நிபுணர் இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டு முடியும் தறுவாயில் வகுத்த அந்த முறையை, நம் ஊர்ச் சோதனைக்கூடங்களில் ஸ்பிரிட் விளக்கின் முன் நின்று வேலை பார்த்த மூத்த தலைமுறையினர் இன்றும் மறந்திருக்கமாட்டார்கள். மயில்துத்தம் சேர்ந்த நீலநிறத் திராவகத்தில் 5 மில்லி லிட்டரைச் சோதனைக் குழாயில் எடுத்து, அதில் 8 சொட்டுச் சிறுநீரை விட்டு, குழாயைச் சாய்த்துப் பிடித்துக் கொதிக்கவைத்து ஆறவிட்டால், சர்க்கரை இல்லையெனில் நீலம் நீலமாகவே நிற்கும்; சிறிதளவு இருந்தால் பச்சையாகும்; மேலும் இருந்தால் மஞ்சளாகி, ஆரஞ்சாகி, மிகுதியாக இருக்குமாயின் செங்கல் நிறத்தில் வண்டல் இறங்கும். செலவு சொற்பம், நுண்ணிய படிப்பு வேண்டியதில்லை, கண் தெளிவாக இருந்தால் போதும்.

1922 ஜனவரியில் டொராண்டோ நகரில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு இன்சுலின் முதன்முதலில் செலுத்தப்பட்டதும், அதுவரை மரணத்துக்கு நாள் குறித்துக்கொண்டிருந்த வைத்தியர்களின் கையில் ஜீவனைக் காக்கும் மருந்து வந்தது. அம்மருந்து அளவு மிஞ்சினால் அதுவே ஜீவனுக்கு அபாயம் என்னும் அறிவும் கூடவே வந்தது. எனவே எவ்வளவு செலுத்துவது என்னும் கேள்விக்கு விடை வேண்டியிருந்தது. நீரிழிவு வைத்தியத்தில் தம் காலத்தில் ஒப்பாரற்றவராக விளங்கிய பாஸ்டன் நகரத்து எலியட் ஜாஸ்லின், சிறுநீரின் நிறத்துக்குத் தக்கபடி இன்சுலின் அளவை ஏற்றி இறக்கும் அட்டவணையை 1934இல் வழக்குக்குக் கொணர்ந்தார். செங்கல் நிறத்துக்கு இத்தனை யூனிட், ஆரஞ்சுக்கு அதனினும் குறைவு, மஞ்சளுக்கும் பச்சைக்கும் மேலும் குறைவு, நீலத்துக்கு ஒன்றுமில்லை என்று அமைந்த அந்த ஏற்பாடு, அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் வானவில் முறை என்றே பெயர் பெற்றது. டாக்டர் ஒருமுறை அட்டவணையை எழுதிவிட்டால், அவரை நடுநிசியில் எழுப்பாமலே நர்சு தாமாகக் குழாயைப் பார்த்து ஊசியைப் போடலாம். கடுமையான நோயில் விழுந்து, மணிக்கு மணி நிலை மாறும் நோயாளிக்கு, இரத்தத்தை நொடியில் அளக்கும் வழி எதுவும் இல்லாத அந்தக் காலத்தில், அது பகுத்தறிவுக்கு ஒத்த ஏற்பாடே என்பதில் எனக்கு ஐயமில்லை.

விருத்தாப்பியத்தில் அந்தக் குழாய் பொய் சொல்லும் என்பதுதான் துன்பம். இரத்தத்தில் சர்க்கரை 100 மில்லி லிட்டருக்கு 180 மில்லிகிராம் என்னும் எல்லையைக் கடந்தபின்னரே சிறுநீரகம் அதனைச் சிறுநீரில் விடுகிறது. பிராயம் ஏற ஏற அந்த எல்லையும் பலருக்கு மேலே ஏறிவிடுகிறது. ஆகவே 250 மில்லிகிராம் உள்ள முதியவரின் குழாயும் நீலமாகவே நிற்கக்கூடும். மேலும் மூத்திரப்பையில் தங்கியிருக்கும் நீர் சில மணி நேரத்துக்கு முந்தைய நிலையைத்தான் சொல்லுமேயன்றி இந்த நிமிஷத்து நிலையைச் சொல்லாது. எல்லாவற்றினும் பெரிய குறை, சர்க்கரை 120 ஆக இருப்பினும் நீலம், 40க்கு இறங்கி மனிதர் மயங்கிக் கிடப்பினும் அதே நீலம் என்பது. முதியவருக்கு எந்த நிலை உயிருக்கு உடனடி ஆபத்தோ, அந்த நிலையைக் காட்டும் சக்தி அந்த வானவில்லுக்குச் சிறிதும் இருக்கவில்லை.

இதற்கிடையில் அடுப்பும் விளக்கும் இல்லாமலே சோதிக்கும் வழிகள் வந்தன. 1941இல் இண்டியானா மாகாணத்து எல்கார்ட் நகரத்து ஏம்ஸ் கம்பெனி வெளியிட்ட கிளினிடெஸ்ட் மாத்திரை, குழாயில் இட்டதும் தன் சூட்டிலேயே தான் கொதித்து நிறம் காட்டிற்று. காரம் மிகுந்த அந்த மாத்திரையைச் சாப்பிடும் மாத்திரை என்று எண்ணி விழுங்கி உணவுக்குழாய் வெந்துபோனவர்களும் உண்டு. 1956இல் அதே நிறுவனத்தின் ஹெலன் ஃப்ரீ, ஆல்ஃபிரட் ஃப்ரீ தம்பதிகள் உருவாக்கிய கிளினிஸ்டிக்ஸ் என்னும் பட்டை, சிறுநீரில் நனைத்துப் பார்த்தாலே போதும் என்னும் எளிமையைக் கொடுத்தது. அந்த ஆண்டுகளிலேயே சர்க்கரையைக் குறைக்கும் விழுங்கு மாத்திரைகளும் வந்தன. அவற்றுள் குளோர்புரோபமைடு என்பது உடலில் பாதியாகக் குறைவதற்கே ஏறக்குறைய ஒன்றரை நாள் பிடிப்பது. சிறுநீரகம் தளர்ந்த முதியவர் உடலில் அதற்கும் மேல் தங்குவது. காலையில் மாத்திரையைக் கொடுத்தாயிற்று, பகலில் அவருக்குப் பசி இல்லை, தட்டு அப்படியே திரும்பிவிட்டது என்றால், உணவு வராததை அந்த மருந்து அறியாது. அது தன் காரியத்தைச் செய்துகொண்டே இருக்கும்.

வாலிபன் ஒருவனுக்குச் சர்க்கரை இறங்கினால் உடம்பு நடுங்கும், வேர்க்கும், மார்பு படபடக்கும். அவன் எழுந்து போய் ஒரு பிடி சர்க்கரையை வாயில் போட்டுக்கொள்வான். 85 பிராயத்து முதியவருக்கு அந்த எச்சரிக்கைகள் மங்கிப்போகின்றன. இரத்த அழுத்தத்துக்கு அவர் உட்கொள்ளும் மருந்துகளில் சில அவற்றை மேலும் மறைத்துவிடுகின்றன. அவர் சற்றே தடுமாறிப் பேசுவார், அல்லது உறங்கிக்கொண்டே இருப்பார், அல்லது காரணமின்றிச் சினந்து கொள்வார். பக்கத்தில் இருப்பவர்கள் அதை வயதின் மறதி என்றோ, பக்கவாதத்தின் தொடக்கம் என்றோ எண்ணிவிடுவது இயல்பு. நடந்தால் விழுவார், விழுந்தால் இடுப்பெலும்பு முறியும். தம் துன்பத்தை எடுத்துச் சொல்லும் பிரக்ஞை இல்லாதவருக்கு அளவுகருவி ஒன்றே வாக்காக நிற்க வேண்டும் என்பதனால்தான், இரத்தத்தை நேரே அளக்கும் வழி வந்தபோது அது இந்த முதியவர்களுக்குப் பெரும் வரப்பிரசாதமாக ஆகியிருக்க வேண்டும்.

அந்த வழி 1965இல் டெக்ஸ்ட்ரோஸ்டிக்ஸ் என்னும் பட்டையாக வந்தது. பெரியதொரு துளி இரத்தத்தை அதன்மேல் வைத்து, 60 விநாடி காத்து, நீரால் கழுவி, ஏறிய நீல நிறத்தை அட்டையோடு ஒப்பிட வேண்டும். அந்த நிறத்தை ஒளியின் பிரதிபலிப்பைக் கொண்டு எண்ணாக மாற்றும் மீட்டர் 1970ஐ ஒட்டி விற்பனைக்கு வந்தது, ஒரு கிலோவுக்கு மேல் எடை, ஏறக்குறைய 500 டாலர் விலை, டாக்டர்களுக்கென்றே விற்கப்பட்டது. இளம் பிராயம் முதல் நீரிழிவு உடையவரான ரிச்சர்ட் பெர்ன்ஸ்டைன் என்னும் எஞ்சினியர், டாக்டராக இருந்த தம் மனைவியின் பெயரால் ஒன்றை வாங்கித் தம் இரத்தத்தைத் தாமே அளந்து பார்த்து, பின்னர்த் தாமும் வைத்தியராகிவிட்டார் என்பது மருத்துவ உலகம் நன்கு அறிந்த செய்தி. 1978இல் இங்கிலாந்தில் நோயாளிகள் வீட்டிலேயே அளந்துகொள்ளலாம் என்று காட்டும் ஆய்வுகள் வெளிவந்தன. 1987இல் பேனா அளவிலான மீட்டரும் வந்துவிட்டது. இந்த வளர்ச்சி முழுவதும் தம்மைத் தாமே அளந்து, கண்ட எண்ணைக் கொண்டு தம் உணவையும் ஊசியையும் தாமே மாற்றிக்கொள்ளும் நோயாளியை மனத்தில் வைத்து எழுந்தது. இல்லத்து முதியவரோ தம் விரலை நீட்டுபவர் மட்டுமே. அளப்பவர் ஒருவர், எழுதுபவர் ஒருவர், மருந்தை நிர்ணயிப்பவர் வேறொருவர்.

மீட்டர் வந்தபின் வானவில் முறை மறைந்திருக்க வேண்டும், மறையவில்லை. நிறம் இருந்த இடத்தில் எண் வந்து உட்கார்ந்தது, அவ்வளவே. 150 முதல் 200 வரை இத்தனை யூனிட், 200 முதல் 250 வரை இத்தனை என்று அட்டவணை திருத்தி எழுதப்பட்டு, நாளைக்கு நான்கு வேளை, ஒவ்வோர் உணவுக்கு முன்னும் உறங்குமுன்னும் விரலைக் குத்தும் கட்டளையாக அது நிலைபெற்றது. இந்த முறையின் குறை அதன் அடிப்படையிலேயே இருக்கிறது. சர்க்கரை ஏறியபின் இன்சுலின் போடுகிறது. ஏறாமல் இருக்க முன்கூட்டி எதுவும் செய்வதில்லை. ஏறிய எண்ணுக்குப் போட்ட ஊசி, அடுத்த வேளை உணவை அவர் வேண்டாம் என்று ஒதுக்கும்போது பள்ளத்தில் தள்ளுகிறது, பள்ளத்தில் விழுந்தவருக்குப் பழரசம் கொடுக்க, மீண்டும் எண் ஏறுகிறது, மீண்டும் ஊசி. நேற்று என்ன நேர்ந்தது, ஏன் நேர்ந்தது என்று யாரும் அந்த எண்களை வரிசையாக வைத்துப் படிப்பதில்லை. ஒவ்வோர் எண்ணும் அந்தந்த வேளையோடு தீர்ந்துவிடுகிறது. ஓரிரு நாள் நெருக்கடிக்கென்று ஏற்பட்ட முறையை ஆஸ்பத்திரியிலிருந்து இல்லத்துக்கு அனுப்பும் சீட்டில் எழுதிவிட, அதை யாரும் எடுக்காமல் மாதக்கணக்கிலும் வருஷக்கணக்கிலும் நடத்திவந்தார்கள் என்பதே இந்த வரலாற்றில் என்னை மிகவும் வருத்தும் பகுதி.

அதிகாலையில் அந்த இல்லங்களில் நடப்பதைச் சற்று அருகில் நின்று பார்க்கவேண்டும். பொழுது புலருமுன் நர்சு தட்டோடு வருகிறார். உறங்குகின்ற மூதாட்டியின் கையைப் போர்வைக்கு வெளியே எடுக்கிறார். கை குளிர்ந்திருக்கிறது, இரத்தம் எளிதில் வராது, தம் இரு உள்ளங்கைகளுக்கும் நடுவே அதை வைத்துச் சற்று நேரம் சூடேற்றுகிறார். பலகாலம் குத்துப்பட்டுத் தடித்துப்போன விரல் நுனியில், நடுப்பகுதியை விட்டு, வலி குறைவான பக்கவாட்டைத் தேர்ந்து துடைக்கிறார். ஊசி படுகிறது, ஞாபகசக்தி இழந்த அம்மூதாட்டி, இது எதற்கு என்று அறியாமல் கையை இழுத்துக்கொள்கிறார். துளியைப் பட்டை உறிஞ்சிக்கொள்ள, சில விநாடியில் எண் தோன்றுகிறது. நர்சு எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்கு நகர்கிறார். அந்த எண்ணால் அன்றைய மருந்தில் ஒரு மாற்றமும் நேராது என்றால், அந்தக் குத்தலுக்கு நியாயம் உண்டா என்பதே கேள்வி. நர்சின் மீது குற்றமில்லை. கட்டளை அப்படி இருக்கிறது, தட்டும் வரிசையும் நீளமானவை.

கட்டிலுக்குக் கட்டில் நகர்ந்த அந்தத் தட்டு வேறொரு கேட்டையும் சுமந்தது. வில் அமைந்த குத்தூசிக் கருவி ஒன்றைப் பலருக்கும் பயன்படுத்தியமையால் ஹெப்பட்டைட்டிஸ் பி என்னும் கல்லீரல் தொற்று பரவியதைக் கலிபோர்னியாவின் ஆஸ்பத்திரி ஒன்றில் கண்டு 1990இலேயே எச்சரித்தார்கள். எனினும் 2003, 2004ஆம் ஆண்டுகளில் மிசிசிப்பியிலும் வட கரோலினாவிலும் லாஸ் ஏஞ்சல்ஸிலும் நீண்டகாலப் பராமரிப்பு நிலையங்களில், சர்க்கரை பரிசோதிக்கப்பட்ட முதியவர்களிடையே அதே தொற்று பரவிற்று என்று அந்நாட்டு நோய்த்தடுப்பு மையம் 2005இல் வெளியிட நேர்ந்தது. ஒருவருக்கு ஒரு குத்தூசிக் கருவி, ஒவ்வொரு முறையும் புதிய கையுறை, பொதுவான மீட்டரை ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் சுத்தம் செய்தல் என்னும் விதிகள் அதன்பின் வற்புறுத்தப்பட்டன. நன்மைக்கென்று செய்த பரிசோதனையால் நோய் தேடிக்கொண்ட அம்முதியவர்களில் பலருக்கு, அந்தப் பரிசோதனை அத்தனை முறை தேவையாகவே இருந்திராது என்று நினைக்கும்போது மனம் பதைக்கிறது.

எத்தனை முறை, எந்த எண்ணுக்கு என்று கேட்கும் துணிவு வைத்தியர்களுக்கு மெல்லத்தான் வந்தது. இடையில் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஏ1சி பரிசோதனை நிலைபெற்று, 1993இலும் 1998இலும் வெளிவந்த இரு பேராய்வுகள் சர்க்கரையை இறுக்கிப் பிடித்தால் கண்ணும் சிறுநீரகமும் காக்கப்படும் என்று நிரூபித்தன. ஆனால் முதலாவதில் சேர்க்கப்பட்டவர்கள் 13 முதல் 39 வயதினர், இரண்டாவதில் 65க்கு மேற்பட்டவர் எவரும் சேர்க்கப்படவில்லை. இருபது வருஷம் கழித்துக் கிடைக்கும் பலனுக்காக இன்று செய்யும் இறுக்கத்தை, இருபது வருஷம் எதிரே இல்லாதவர்மீதும் சுமத்திய காலம் அது. 2008 பிப்ரவரியில், ஏ1சியை 6 சதவீதத்துக்குக் கீழே இறக்க முயன்ற அக்கார்டு ஆய்வின் இறுக்கமான பிரிவு நடுவிலேயே நிறுத்தப்பட்டது. 10,251 பேர் சேர்ந்த அந்த ஆய்வில், மற்றப் பிரிவில் 203 பேர் இறந்திருக்க, இறுக்கிப் பிடித்த பிரிவில் 257 பேர் இறந்திருந்தார்கள்.

இல்லத்து முதியோர்பால் முதலில் நேரே கண்ணைத் திருப்பியவர்களுள் மார்க் பியர்ஸ் என்னும் வைத்தியரை நன்றியோடு சொல்லவேண்டும். அவரும் அவர் சகாக்களும் 1991இல் வெளியிட்ட, முதியோருக்குத் தகாத மருந்துகளின் பட்டியல், பராமரிப்பு இல்லத்து வாசிகளுக்கென்றே தொகுக்கப்பட்டது. குளோர்புரோபமைடு அதிலேயே இடம்பெற்றிருந்தது. 2003இல் அமெரிக்க முதியோர் மருத்துவ சங்கத்தின் துணையோடு வந்த நெறிகள், தளர்ந்த முதியவருக்கு ஏ1சி 8 சதவீதம் போதும் என்றன. 2012இல் அச்சங்கமே பியர்ஸ் பட்டியலைப் புதுப்பித்தபோது, ஏற்றி இறக்கும் இன்சுலின் அட்டவணையையும் கிளைபுரைடு என்னும் மாத்திரையையும் முதியோருக்குத் தவிர்க்க வேண்டியவை என்று சேர்த்தது. ஜாஸ்லினின் அட்டவணைக்கும் இந்தத் தீர்ப்புக்கும் நடுவே 78 ஆண்டுகள் சென்றிருந்தன. 2016இல் அமெரிக்க நீரிழிவுச் சங்கம் நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களுக்கென்றே தனி அறிக்கை வெளியிட்டது. சர்க்கரை இறங்கிவிடாமல் காப்பதே முதற் கடமை. 70க்குக் கீழே போனால் உடனே டாக்டரை அழைக்கவேண்டும், 70க்கும் 100க்கும் இடையே நின்றாலும் மருந்தைக் குறைக்கலாமா என்று விரைவில் கேட்கவேண்டும். இனிப்பே கூடாது என்னும் பத்தியத்தால் முதியவரை மெலியவைக்க வேண்டாம். மரணத் தறுவாயில் இருப்பவருக்குக் குத்தலையும் மருந்தையும் குறைத்து, இயலுமாயின் நிறுத்தியும்விடலாம் என்பன அதன் சாரம். இரத்தசோகையும் சிறுநீரகத் தளர்ச்சியும் உள்ள முதியவருக்கு ஏ1சி எண்ணே நம்பத்தக்கதன்று என்பதையும் அது ஒளிக்காமல் சொல்லிற்று.

இப்போது தோலில் ஒட்டிக்கொண்டு இரவும் பகலும் அளக்கும் கருவிகள் வந்திருக்கின்றன. 1999இல் முதலாவது அனுமதி பெற்ற அந்த வகை, 2017க்குப் பின் விரல் குத்தாமலே எண்ணைக் காட்டும் அளவுக்குத் தேர்ந்தது. 60 வயதுக்கு மேற்பட்ட, இன்சுலினை நம்பி வாழும் முதல்வகை நீரிழிவுடையோர் 203 பேரைக் கொண்டு 2020இல் வெளிவந்த ஆய்வொன்றில், 70க்குக் கீழே கழியும் நேரம் நாளொன்றுக்கு 73 நிமிஷத்திலிருந்து 39 நிமிஷமாக இக்கருவியால் குறைந்தது. உறங்கும் மூதாட்டியை எழுப்பாமலே நடுநிசியில் சர்க்கரை இறங்குவதை ஒலியெழுப்பிச் சொல்லும் கருவியை நான் மனமார வரவேற்கிறேன். ஆயினும் அந்த ஒலியைக் கேட்டு வந்து, மருந்தைக் குறைக்க அதிகாரமும் அறிவும் உடைய ஒருவர் அங்கே இருக்கவேண்டும். இல்லையெனில் நாளைக்கு நான்கு எண்கள் இருந்த குறிப்பேட்டில் இனி இருநூறு எண்கள் நிரம்பும் என்பதற்குமேல் முதியவருக்கு விசேஷம் ஒன்றும் இல்லை.

நம் நாட்டிலும் முதியோர் இல்லங்கள் பெருகிவருகின்றன. அவற்றில் சேரும் முதியவர்களில் நீரிழிவுடையோர் குறைவல்லர். தாயையோ தந்தையையோ அவ்வாறு ஓரிடத்தில் ஒப்படைக்கும் பிள்ளைகள், மாத்திரைப் பெட்டியையும் மீட்டரையும் கொடுத்துவிட்டு வருவதோடு நின்றுவிடலாகாது. இரவில் சர்க்கரை இறங்கினால் யார் கவனிப்பார்கள், எந்த எண்ணில் டாக்டருக்குச் சொல்வார்கள், அம்மா சாப்பிடாத வேளையில் மாத்திரையையும் ஊசியையும் என்ன செய்வார்கள், இத்தனை முறை குத்துவது எதற்காக என்று கேளுங்கள். கேட்டதற்கு வந்த விடையை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் டாக்டரிடம் அந்தச் சீட்டைக் காட்டி, இதில் இனித் தேவையில்லாதது எது என்று மறுபடியும் கேளுங்கள்.